நல்ல கட்டி

காரைக்கால்
11.6.2006

அக்காவுக்கு மாலா எழுதுவது.

நலமா என்று கேட்க எழுதவில்லை. நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவளுக்குக் கடிதம் போடுகிறேனே என்று சிரிக்காதே. போனில் பேசினால் 'ஹலோ' சொல்வதற்குள் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். நாலு வருஷம் பேசாமல் இருந்தது போதும்.

உன் மகன் கோபிநாத் பெங்களூரிலிருந்து பேசினான். ஸ்கேன் எடுத்ததில் உன் தலைக்குள், நெற்றிக்குப் பின்னால் இடது பக்கமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறதாம். அவன்தான் தேற்றினான். "பயப்படாதீங்க சித்தி, கேன்சர் இல்ல. டாக்டரே சொல்லிட்டாரு, இது நல்ல கட்டியாம். பரவாது, மெதுவாதான் வளருமாம்" என்றான். பத்து வருஷமாகக்கூட உள்ளே இருந்திருக்கலாமாம்.

அதற்குப் பிறகு அவன் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். கட்டி உட்கார்ந்திருக்கிற இடம், மனுஷனின் அடக்கத்தையும் குணத்தையும் பார்த்துக்கொள்கிற இடமாம். அங்கே அழுத்தினால் சாதுவான ஆள்கூடக் கன்னாபின்னாவென்று பேசுவார்களாம். போன வருஷம் மார்க்கெட்டில் மீன்காரக் குஞ்சம்மாள் மேலேயே மீனை வீசினாயாமே! நீயா அக்கா அது? பக்கத்து வீட்டுக்காரர்களோடு தண்ணீர்ச் சண்டை, ரேஷன் கடையில் சண்டை. எல்லாவற்றையும் கோபி வரிசையாகச் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரிதாவின் நிச்சயதார்த்தத்தில் பேசியதும் நீ இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒரு நொடிகூட மறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பாரிசிலிருந்து வந்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா, சிப்பாய்களுக்கான சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பம், பையனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. பாண்டிச்சேரியில் எத்தனை பேர் அப்படி ஒரு இடத்துக்குத் தவம் கிடந்தார்கள்! தட்டு மாற்றப் போகும் நேரத்தில் நீ எழுந்து நின்று, "பொண்ண ஒரு வார்த்த கேட்டீங்களா? உள்ள அழுதுகினு இருக்கா" என்றாய். அவர்கள் கேட்டார்கள். என் மகள் 'இஷ்டமில்ல' என்றாள். அவ்வளவுதான், தட்டோடு எழுந்து போய்விட்டார்கள்.

அதைச் செய்தது என் அக்கா என்று நினைத்து நாலு வருஷம் வெந்தேன். இப்போது தெரிந்துவிட்டது, அது கட்டியின் வேலை. நோயாளி மேல் எனக்கென்ன கோபம்? எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டு பழைய அக்காவாகத் திரும்பி வா. நம் சொந்தக்காரர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

உன் தங்கை,
மாலா


முதலியார்பேட்டை
18.6.2006

மாலா,

உன் மன்னிப்பு வந்து சேர்ந்தது. எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

யாரைக் கேட்டு மன்னித்தாய்? நான் கேட்டேனா? தப்புச் செய்தவள் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு அடுத்தவள் கொடுக்கலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டும். நீ நேராகக் கட்டிக்கே கொடுத்துவிட்டாய். கட்டி உனக்குப் பதில் போடும், காத்திரு.

நல்ல கட்டியாம்! பாம்பிலும் ஒரு நல்ல பாம்பு இருக்கிறது, தெரியுமில்லையா? அது எவ்வளவு நல்லதோ அவ்வளவு நல்லது இதுவும். என் மூக்கைத் தின்றுவிட்டது. காபி வாசனை போய் எத்தனையோ நாளாகிறது, பால் தீய்ந்து பாத்திரம் கறுத்தாலும் தெரிவதில்லை. வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. செருப்பு எங்கே கழன்றது என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கண்ணுக்கு முன்னால் எப்போதும் புகை மூட்டம். 'நல்ல' என்று சொன்ன டாக்டருக்கு அது கேன்சர் இல்லை என்பதுதான் அர்த்தம். கேட்டவர்கள் எல்லோரும் எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி பேசுகிறார்கள்.

மூக்கும் காலும் கட்டியின் வேலை, ஒப்புக்கொள்கிறேன். மண்டபத்தில் எழுந்து நின்றது நான்.

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா? அதுவரை அதில் இருந்தது ஒரே வார்த்தை, 'பரவால்ல'. எக்ஸ்சேஞ்சில் பண்டிகை டியூட்டியை எல்லாம் என் தலையில் கட்டினார்கள், பரவால்ல. எனக்கு எடுத்த அரக்குச் சேலையை மாமியார் நாத்தனாருக்குக் கொடுத்தார், பரவால்ல. எனக்குப் பதவி உயர்வு வந்தபோது என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே ஆபீசுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார், அதற்கும் பரவால்ல. பஸ்ஸில் ஒருத்தன் என் காலை மிதித்தால் அவன் வாய் திறப்பதற்கு முன்னால் நான் பரவால்ல என்பேன். ஊர் முழுக்கப் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுத்தவள், தனக்கென்று ஒரு லைன் போட்டுக்கொண்டதில்லை.

அறுபத்தைந்து வயதில் ஒரு முறை வாயைத் திறந்தேன். அதையும் ஒரு எலுமிச்சம்பழத்தின் பேரில் எழுதிவைக்கப் பார்க்கிறாய். குஞ்சம்மாள் மேல் மீனை வீசியதும் நான்தான், ரேஷன் கடைச் சண்டையும் நான்தான். எல்லாம் நான்தான்.

ஆபரேஷன் வேண்டாம் என்று கோபியிடம் சொல்லிவிட்டேன். பயமா என்றால், ஆமாம், பயம்தான். சாவதற்கு இல்லை. கட்டியைத் தோண்டும்போது இந்த வாயையும் சேர்த்து எடுத்துவிட்டால் என்ன செய்வேன்? நீ கேட்கிறாயே அந்தப் 'பழைய அக்கா', அவள் திரும்பி வந்துவிடக் கூடாது. அவளோடு அறுபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவள் நான். எனக்குத் தெரியும் அவள் லட்சணம்.

சந்திரகலா


காரைக்கால்
2.7.2006

அக்கா,

சரி. கட்டி இல்லை, நீதான் என்றால் மன்னிப்பும் இல்லை. கணக்குச் சரியாகிவிட்டதா?

நீயே செய்தாய் என்றால் கேட்டுக்கொள். நிச்சயதார்த்தம் முறிந்த பிறகு ஒரு வருஷம் நான் கோவிலுக்குக்கூடப் போகவில்லை. போகிற இடத்தில் எல்லாம் "பொண்ணுக்கு ஏதாச்சும் இருக்குதா?" என்று காதோடு கேட்டார்கள். வீட்டுக்காரர் விஜயராகவன் வாயைத் திறந்து என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார். சரிதா சென்னைக்கு வேலைக்குப் போனவள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தலையைக் காட்டுவதோடு சரி. இருபத்தாறு வயதாகிறது. இப்போது இடம் பார்க்கட்டுமா என்றால் "பெரிம்மாவ கூப்ட்டு வெச்சிக்கினு பாரும்மா" என்று என்னைக் குத்துகிறாள்.

என் மகள் அழுதாள் என்றால் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே. அத்தனை பேர் நடுவில் ஏன்? ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, "மாலா, பொண்ணு அழுவுது" என்று சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேனா?

இன்னொன்றும் சொல்கிறேன், சிரித்தால் சிரி. அந்தச் சம்பந்தம் வந்தபோது நான் கேசட் வாங்கி பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். சமையல் செய்துகொண்டே போன்ழூர், மெர்சி என்று சொல்லிப் பார்ப்பேன். மகள் பிரசவத்துக்குப் போனால் அந்த ஊர்க் கடையில் பால் கேட்கவாவது தெரிய வேண்டாமா? பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்து, ஒரு தடவையாவது அந்த ஊரைப் பார்க்க எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? நீ ஒரு வாக்கியம் பேசினாய், அத்தனையும் போச்சு.

இத்தனை கோபத்திலும் சொல்கிறேன், ஆபரேஷன் செய்துகொள். கேஸைத் திறந்து வைத்துவிட்டு வாசனை தெரியாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாயாமே? பால்காரர் வந்து மூடியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? குணம் மாறினால் மாறட்டும். உயிரோடு இருக்கிற மாதிரி வழியைப் பார்.

மாலா


முதலியார்பேட்டை
10.9.2006

மாலா,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கை அடிக்கடி மரத்துப்போகிறது.

போன மாதம் மார்க்கெட்டில் வலிப்பு வந்து விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், முன்பல் ஒன்று உடைந்தது. கண் விழித்தபோது யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்துப் பிடித்திருந்தார்கள். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று இன்னும் நம்புகிற ஊர் நம் ஊர். என் சேலை விலகிக் கிடந்ததை மட்டும் யாரும் சரிசெய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியைச் சுற்றி நீர் கோத்து மூளை வீங்கியிருக்கிறதாம். டாக்டர் சின்ன வயதுக்காரர், ஆனால் பூசி மெழுகாமல் பேசினார். "அம்மா, இது கொல்ற கட்டி இல்ல. ஆனா இருக்கிற எடம் மோசம். விட்டா வலிப்பு அதிகமாகும், கண்ணு போகும், படுக்கையில தள்ளிடும். எடுத்தா உங்க வயசுக்கு ரத்தக்கசிவு வரலாம், நிமோனியா வரலாம், வலது கை கால் விழலாம், பேச்சு போகலாம். சின்ன வயசுக்காரங்க பத்து நாள்ல எழுந்து போறத, நீங்க மாசக்கணக்குல செய்ய வேண்டியிருக்கும்" என்றார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "கொணம் மாறுமா டாக்டர்?"

கோபி குறுக்கே வந்து, "அம்மா முன்ன ரொம்ப சாந்தமானவங்க டாக்டர், அது திரும்பி வந்துடுமில்ல?" என்றான். நான் அவனை முறைத்தேன். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதும்மா. சிலருக்கு மாறும், சிலருக்கு மாறாது. கட்டிக்கு முன்னாடி நீங்க எப்படி, பின்னாடி எப்படின்னு கோடு போட்டுக் காட்ட எங்கிட்ட மெஷின் இல்ல" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரிடம் தலையைக் கொடுக்கலாம் என்று முடிவுசெய்தேன்.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்.

உன்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருந்தாய். சொன்னேன் மாலா. அன்று காலை மண்டபத்துச் சமையல்கட்டில், நீ சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "பொண்ணு மூஞ்சே சரியில்லடி" என்றேன். "எல்லா பொண்ணும் அப்படித்தான்க்கா, பரவால்ல விடு" என்றாய். நானும் விட்டுவிட்டேன். மதியம் வரை விட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. உனக்கு மறந்திருக்கும், ஏனென்றால் நான் சொன்னது யாருக்கும் நினைவில் நிற்கிற மாதிரி அப்போது எனக்குப் பேசத் தெரியாது.

இப்போது ஒரு காரியம் செய். இதை மட்டும் என் ஆணையாக எடுத்துக்கொள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளாதே. அழுதாலும், உன் காலைப் பிடித்தாலும் ஏற்காதே. அது கத்தி செய்த வேலையாக இருக்கும். நான் இப்போது, புத்தி தெளிவாக இருக்கும்போது சொல்கிறேன். சரிதா விஷயத்தில் நான் செய்தது சரி. மறுபடியும் அதே மண்டபம், அதே தட்டு வந்தால் மறுபடியும் எழுந்து நிற்பேன்.

ஒருவேளை நீ சொல்வதுதான் நிஜமோ, இந்த வாயைக் கட்டிதான் கொடுத்ததோ என்று எனக்கும் சில நேரம் தோன்றும். தோன்றட்டுமே. யார் கொடுத்தால் என்ன, இப்போது இது என்னுடையது.

சந்திரகலா


முதலியார்பேட்டை
17.11.2006

அன்புள்ள மாலாவுக்கு,

அக்கா சந்திரகலா சொல்ல, கோபிநாத் எழுதுவது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் உள்ளே ரத்தம் கட்டியதால் மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று. பிறகு உடம்பில் உப்பு குறைந்து கொஞ்ச நாள் நினைவு தடுமாறியது. நெஞ்சில் சளி கட்டி மூச்சுக் குழாய் வைத்திருந்தார்கள். இப்போது அபாயம் இல்லை. வலது கை தூக்க முடியவில்லை. பேச்சு குறைவாக இருக்கிறது. மெதுவாகச் சரியாகும் என்கிறார்கள். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாலா, சரிதா நிச்சயத்தில் நான் நடந்துகொண்டது தவறு. அப்போது என் உடல்நிலை சரியில்லை. உன் மனத்தைப் புண்படுத்தியதற்கு என்னை மன்னித்துவிடு. பழையதை மறந்து எல்லோரும் ஒற்றுமையாக இருப்போம்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா
சந்திரகலா


காரைக்கால்
3.12.2006

அக்கா,

நேற்று உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன், இன்று கடிதம் எழுதுகிறேன். கோபியை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை. அதோடு, நான் பேசினால் உன்னால் பதில் சொல்ல முடியாது, ஆனால் படிக்க முடிகிறது என்று உன் கண் பேப்பர் மேல் ஓடுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வந்த அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். "பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா" என்றேன். அவர் கேட்டுவிட்டு, "ஒங்கக்கா எப்பலேர்ந்து இவ்ளோ அழகா எழுதறா?" என்றார். அது எனக்குத் தைத்துவிட்டது. நீ சொல்லியிருந்த ஆணையும் இருக்கிறது. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

உன்னைப் பார்த்தேன். தலையில் பாதி மயிர் இல்லை, நெற்றியிலிருந்து காது வரைக்கும் தையல். உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற கொளஞ்சி, சூடு ஆறாத கஞ்சியை ஊட்டினாள். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டே "பரவால்ல" என்றாய். தலையணை சரிந்தது, பரவால்ல. ஊசி போட வந்த பெண் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்தினாள், பரவால்ல. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "யாருன்னு தெரியுதாக்கா?" என்று கேட்டேன். "பரவால்ல" என்றாய். உன் கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கம் இல்லை அது. ஆத்திரம்.

வாசலில் வைத்து கோபியைக் கேட்டேன், அந்தக் கடிதத்தை அம்மா எப்படிடா சொன்னாள் என்று. அவன் கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "நான் கேட்டேன் சித்தி. 'மாலா சித்திகிட்ட மன்னிப்பு கேட்டு எழுதட்டுமாம்மா'ன்னு. 'பரவால்ல'ன்னாங்க. அதான் எழுதினேன்." இன்னும் கேள். உன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உன்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டிருக்கிறான். அதற்கும் நீ பரவால்ல என்றாயாம். "அம்மா பழையபடி ஆயிட்டாங்க சித்தி, எவ்ளோ சாந்தமா இருக்காங்க பாருங்க" என்கிறான், படித்த முட்டாள்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். உன் காதில் கேட்டேன்: "அக்கா, நீ எங்கிட்ட மன்னிப்பு கேட்டியா?" நீ "பரவால்ல" என்றாய். சொல்லிக்கொண்டே இடது கையால் என் கையைக் கிள்ளினாய். சின்ன வயதில் கிள்ளுவாயே, நகத்தைத் திருப்பி, அதே கிள்ளு. இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். பேச்சு போனாலும் சிலருக்கு வாழ்நாள் பழக்கத்தில் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சுமாம். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வருமாம். சிலருக்குச் சாமி பேர், சிலருக்குக் கெட்ட வார்த்தை. உனக்கு இது. இத்தனை வருஷம் அதையே சொல்லித் தேய்த்ததில் நாக்கு அதை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டது.

கோபியிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். "ஒங்கம்மா சரின்னு சொல்றது இல்லடா அது. அவளுக்கு வர்றது அந்த ஒரு வார்த்ததான். கேட்டா கைய பாரு" என்றேன். கொளஞ்சிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இடது கையை விரித்தால் சரி, மூடினால் முடியாது. உன் வாய் என்ன சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. அவனிடம் இருந்த வீட்டுச் சாவியை நான் வாங்கிவந்துவிட்டேன். கோபிக்குக் கோபம், இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு அந்த மன்னிப்பையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏற்கவில்லை.

நீ செய்தது சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. சமையல்கட்டில் நீ சொன்னதாக எழுதியிருந்தாயே, அதை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். முந்திரி எடுத்துக் கொடுத்தது நினைவிருக்கிறது, நீ நின்றது நினைவிருக்கிறது. என்ன சொன்னாய் என்பது வரவில்லை. என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதை உன் மேல்தான் காட்டுவேன், கோபி கடிதத்தில் உண்டாக்கின அக்கா மேல் இல்லை.

பேச ஒரு வழி செய். பயிற்சிக்கு ஆள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வம்பு பண்ணாமல் செய். இல்லை, வம்பு பண்ணிக்கொண்டே செய்.

மாலா


முதலியார்பேட்டை
15.4.2007

மாலா,

இடது கை எழுத்து. ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் ஆகிறது. சில வார்த்தை வராது. வராத இடத்தில் சுற்றி வளைத்து எழுதுவேன். பொறுமையாகப் படி.

பேச்சுப் பயிற்சிக்கு மஹீரா என்று ஒரு பெண் வருகிறாள். படம் காட்டுவாள். மழைக்குப் பிடிப்பதைக் காட்டி "இது என்னம்மா?" என்றாள். பரவால்ல என்றேன். பசுவைக் காட்டினாள். பரவால்ல. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "சிரிங்க" என்று சொல்ல நினைத்தேன். பரவால்ல என்று வந்தது. அன்றைக்கு மட்டும் அது சரியான பதில்.

தையில் கோபி வந்தான். வீடு பார்க்க ஆள் கூட்டி வந்தான். மாலா சித்தியிடம் சாவி வாங்கிவரவா, அம்மா, என்றான். நான் கையை மூடிக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. வந்தவர்கள் என் பூஜை அறையில் ஃபிரிட்ஜ் வைக்கலாமா என்று அளந்தார்கள். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. "போடா" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மறுபடி சொன்னேன், "போடா, போடா." கொளஞ்சி கை தட்டினாள். வீடு பார்க்க வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். கோபி என் மடியில் தலையை வைத்து அழுதான். பாவம், அவன் கெட்டவன் இல்லை. சாந்தமான அம்மா அவனுக்கு வசதி, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 'மாட்டேன்' வந்தது. 'வேணாம்' வந்தது. சரி, ஆமாம் எல்லாம் ரொம்பப் பிந்தி வந்தது.

வலிப்பு மாத்திரையால் தூக்கம் தூக்கமாக வருகிறது. வலது கால் இரும்புப் பட்டை போட்டு நடக்கிறது. மூக்கு போனது போனதுதான். கட்டியில் கொஞ்சம் மீதி இருக்கிறதாம். ரத்தக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அந்த மீதிதான் எழுதியது என்று உன் சொந்தக்காரர்கள் சொன்னால் சொல்லட்டும். எழுபது வயதில் அவர்களுக்கெல்லாம் பதில் போட எனக்குக் கை இல்லை.

ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் நான்தான் என்று உனக்கு எழுதினேன். அது பொய். கோபத்தில் எழுதியது. படுத்தே கிடந்தபோது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ரேஷன் கடையில் ஏன் சண்டை போட்டேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே புரியவில்லை. யாரோ செய்தது போல இருக்கிறது. குஞ்சம்மாள் தந்த சங்கரா மீனில் கடல் வாசனையே இல்லை, ஐஸில் கிடந்த பழைய மீன் என்று அவள் மேல் வீசினேன். மீனில் வாசனை இருந்தது. என் மூக்கில்தான் இல்லை. எனக்கு அப்போது தெரியாது.

போன வாரம் கொளஞ்சியைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். குஞ்சம்மாள் முன்னால் நின்றேன். அவள் என் தலையைப் பார்த்துவிட்டு, "அய்யோ, வுடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். நான் விடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல ரொம்ப நேரம் ஆனது. பின்னால் ஆள் நின்றார்கள். நிற்கட்டும் என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். மன்னிச்சிக்கோ என்கிற வார்த்தை கஷ்டமான வார்த்தை. மஹீராவோடு மூன்று நாள் பழகினேன்.

ஆகவே அது என் வாயில் இருக்கிறது, மாலா. சொல்ல வருகிறது. குஞ்சம்மாளிடம் கேட்டேன். உன்னிடம் கேட்க மாட்டேன்.

சரிதா போன ஞாயிறு வந்திருந்தாள். என்ன பேசினோம் என்று அவளிடம் கேட்டுக்கொள், நான் சொல்ல மாட்டேன். நீ எப்போது வருகிறாய்? நம் சண்டை பாதியில் நிற்கிறது. கடிதத்தில் எழுதி முடிக்க என் கைக்கு வலு இல்லை. நேரில் வந்து உட்கார். நீ உன் பக்கம் எல்லாவற்றையும் சொல், நான் என் பக்கம் சொல்கிறேன். நடுவில் எனக்கு வார்த்தை சிக்காமல் நின்றால் நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது உன்னைத் திட்டுகிற வார்த்தையாக இருந்தாலும்.

அக்கா